புயல் ஒதுக்கிய சிப்பிகள்

தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. எங்கள் வீட்டுப் பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டைதான் காய். சோழியை நான் முதலில் பார்த்தது காளையின் கழுத்தில். அப்படிப்பட்ட அரூர்க்காரனைச் சிப்பி பொறுக்க வைத்தது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய அது, வலுவிழந்த பிறகும் விடாமல் உள்நாட்டுக்குள் வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் அரூரில் 33 சென்டிமீட்டர் மழை, பக்கத்து ஊத்தங்கரையில் 50. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். எங்கள் வாணியாற்றுத் தண்ணீரும் அதோடு போய்க் கடலூர் தாழங்குடாவில் கடலைத் தொடுகிறது. பத்து நாள் கழித்து நானும் அங்கே போனேன். வீட்டுச் சேற்றை இன்னும் வாரிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி இந்த வேலைக்காக நடக்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

சாதாரண நாளில் கரையில் கிடப்பவை பெரும்பாலும் அலை உருட்டித் தேய்த்து வெளுத்த ஓடுகள். புயல் கடலடியைக் கிளறி, மணலுக்குள் புதைந்திருந்ததையும் அள்ளி வந்து போடுகிறது. அதனால் நிறமும் பளபளப்பும் அப்படியே இருக்கும். வெள்ளையில் பழுப்புத் திட்டுப் போட்ட புறாமுட்டைச் சங்கைக் கையில் உருட்டிப் பார்த்தால் பெயர் வைத்தவனின் ரசனை தெரியும்.

ஆனாலும் என் ஓட்டு ஓட்டை விழுந்த மட்டிக்குத்தான். அலை குத்திய ஓட்டை பிசிறடிக்கும். இது வேறு: கம்மலுக்குத் தட்டான் துளையிட்டதுபோல் சுத்த வட்டம், வெளிவாய் அகன்று உள்வாய் சுருங்கியிருக்கும். நிலா நத்தையின் வேலை. மட்டியைப் பிடித்து, ஓட்டை அமிலத்தால் இளக்கி, நாக்கிலுள்ள பற்களால் மணிக்கணக்கில் அராவித் துளைத்து, உள்ளே இருக்கும் சதையைத் தின்றுவிடும். ஒரு கொலையின் தடயம் இவ்வளவு நேர்த்தியாக இருக்கலாமா!

அடுத்தது உடைந்த திருகுச் சங்கு. முழுதாய் இருப்பதைப் பொறுக்கிவிட்டு இதைக் காலால் தள்ளுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். மேலோடு பெயர்ந்த இடத்தில்தானே நடுத்தண்டும் அதைச் சுற்றி ஏறும் படியும் தெரிகின்றன?

வாயில் மூடி இறுகியிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, கடலிலேயே விட்டுவிடுங்கள். ஐவிரல் சங்கு, குதிரைமுகச் சங்கு போன்றவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பவை. வெறும் ஓடானாலும் தொடாதீர்கள்.

நான் கொண்டுவந்தவை பதினொன்று. கூடவே, அலை ஒதுக்கிய குப்பையில் கிடந்த, தண்ணீரில் ஊறி உப்பிய ஒரு புளியங்கொட்டை. எந்த ஊர் மரத்துடையதோ, அதையும் மடியில் கட்டிக்கொண்டேன்.