ஒரே சாட்சியின் பல வாக்குமூலங்கள்

2006-ஆம் ஆண்டில் அரசின் ஒப்புதலைப் பெற்ற எண் 10 டிரில்லியன் கன அடி. காக்கிநாடாவுக்கு அப்பால் வங்கக் கடலில் உள்ள கேஜி-டி6 தொகுதியின் திருபாய்-1, திருபாய்-3 வயல்களிலிருந்து எடுக்கத்தக்க எரிவாயுவின் அளவு அது. 2012-இல் அதே வயல்களுக்கு, அந்த எண்ணைக் கொடுத்த அதே ரிலையன்ஸ் நிறுவனம் கொடுத்த திருத்திய எண் சுமார் 3. இடைப்பட்ட ஆண்டுகளில் எடுத்துத் தீர்த்ததால் வந்த குறைவு அல்ல இது. தொடக்கம் முதல் முடிவு வரை கிடைக்கக்கூடிய மொத்தமே மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

இதைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் நிறுவனத்தின் பேராசையையோ அரசின் மெத்தனத்தையோ பேசினார்கள். நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. கடலுக்கடியில் இருக்கும் பாறையை மதிப்பிட நம்மிடம் உள்ள முறை எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல வல்லதல்ல? 2006-இன் எண் முறையின் பிழையா, முறையைப் பயன்படுத்தியவர்களின் பிழையா?

முறைக்கு இரண்டு சாட்சிகள் உண்டு. முதல் சாட்சி நில அதிர்வு ஆய்வு. கப்பலிலிருந்து அனுப்பும் ஒலியலை கடலடிப் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புகிறது. மணற்கல்லின் நுண்துளைகளில் நீருக்குப் பதில் வாயு இருந்தால் அலையின் வேகம் குறையும், அடர்த்தியும் குறையும். அந்த அடுக்கு படத்தில் பளிச்சென்று தெரியும். இரண்டாம் சாட்சி துளைக்கிணறு. அதில் இறக்கும் கருவிகள் மின்தடை, அடர்த்தி, இயற்கைக் கதிரியக்கம் ஆகியவற்றை ஏறக்குறைய 15 சென்டிமீட்டருக்கு ஒரு முறை அளக்கின்றன. பாறைத் துண்டையே வெட்டி எடுத்தும் பார்க்கலாம்.

முதல் சாட்சி ஊர் முழுவதையும் பார்க்கிறது, ஆனால் கண் மங்கல். இரண்டாம் சாட்சிக்குக் கூர்மையான பார்வை, ஆனால் நிற்கும் இடத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. அலையின் வேகம் விநாடிக்கு 2400 மீட்டர், அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ் என்று கொண்டால் அலைநீளம் 60 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 15 மீட்டருக்கும் மெல்லிய அடுக்கின் மேல்முகமும் கீழ்முகமும் படத்தில் தனித்தனியே பிரியாது. அந்த 15 மீட்டருக்குள் மணலும் களியும் விரற்கடை கனத்தில் மாறி மாறிக் கிடக்கலாம். கிணறு அதைக் காட்டிவிடும், ஆனால் ஒரு சாண் அகலத் துளைக்குள் மட்டும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி என்ன இருக்கிறது என்பதற்கு மறுபடியும் மங்கலான கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

முதல் சாட்சிக்கு இன்னொரு குறையும் உண்டு. நுண்துளைகளில் பத்து சதவீதம் வாயு கலந்திருந்தாலே அலையின் வேகம் வெகுவாகச் சரிந்துவிடும்; எண்பது சதவீதம் இருந்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. பளிச்சிடும் இடத்தில் வாயு இருக்கிறது என்று படம் சொல்வதை நம்பலாம். விற்கும் அளவுக்கு இருக்கிறதா என்று கேட்டால் அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். வயலின் பரப்பு, பாறையின் தடிமன், அதில் நல்ல மணலின் பங்கு, நுண்துளைகளின் பங்கு, துளைகளில் வாயுவின் பங்கு, அதில் வெளியே எடுக்கத்தக்க பங்கு ஆகிய ஆறையும் பெருக்குவதே இருப்புக் கணக்கின் அடிப்படை. இந்த ஆறில் ஒவ்வொன்றையும் 22 சதவீதம் மட்டும் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டால் விடை 3.3 மடங்காகிவிடும். பத்துக்கும் மூன்றுக்கும் உள்ள இடைவெளிக்கு மோசடி தேவையில்லை, முட்டாள்தனமும் தேவையில்லை. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நம்பிக்கை கூடிப்போனால் போதும்.

ஆறும் தனித்தனி மதிப்பீடுகள் என்றால் ஒன்று கூடும்போது மற்றொன்று குறைந்து ஓரளவு ஈடாகிவிடும் என்று ஒருவர் வாதிடலாம். அது சரியான வாதம்தான். ஆனால் அவை தனித்தனி அல்ல. கிணறுகள் குறைவாக உள்ள ஆழ்கடலில், பரப்பைச் சொல்வது அந்தப் பளிச்சிடும் படம். தடிமனைச் சொல்வதும், மணல் எங்கே அதிகம் என்று சொல்வதும், கிணறுகளுக்கு இடையே நுண்துளைத்தன்மையை நிரப்பிக் கொடுப்பதும் அதே படம். ஒரே சாட்சியை நான்கு முறை கூண்டில் ஏற்றி, நான்கு பேர் சொன்னார்கள் என்று எழுதிக்கொள்வது போன்றது இது. அந்தச் சாட்சி ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லா எண்களும் அதே பக்கம் சாயும்.

ஆறில் கடைசியான எடுக்கத்தக்க பங்குதான் ஆழ்கடலில் மிகவும் வழுக்கும் இடம். திருபாய்-1, திருபாய்-3 (டி1, டி3) வயல்களின் பாறை, ஆழ்கடல் சரிவில் ஓடிய வாய்க்கால்களும் அவற்றின் கரைமேடுகளும் படிய வைத்த மணல். நடவுக் காலத்தில் நீர் கட்டிய வயல்வெளியை வெகு உயரத்திலிருந்து பார்த்தால் ஒரே ஏரி போலத் தெரியும். வரப்புகள் கண்ணில் படாது. ஒரு மடையைத் திறந்தால் அந்த வயல் மட்டுமே வடியும். படத்தில் தொடர்ச்சியாகத் தெரியும் மணலுக்குள் களிமண் வரப்புகள் எத்தனை என்பதை அலையும் சொல்லாது, கிணற்றுப் பதிவும் சொல்லாது. மாதக் கணக்கில் வாயுவை எடுத்து, அழுத்தம் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

அப்படித்தான் தெரியவும் வந்தது. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. 2010 மார்ச்சில், பக்கத்து எம்.ஏ. வயலையும் சேர்த்து, தொகுதியின் உற்பத்தி நாளுக்கு 69 மில்லியன் கன மீட்டரைத் தொட்டது. பிறகு அழுத்தம் சரிந்தது, கிணறுகளில் நீர் ஏறியது. 2013-இல் உற்பத்தி 15 மில்லியனுக்கும் கீழே போனது. 2020 பிப்ரவரியில் டி1, டி3 வயல்கள் மூடப்பட்டன.

பாறை எதிர்பார்த்ததைவிடச் சிக்கலாக இருந்தது என்பது நிறுவனத்தின் வாதம். ஒப்புக்கொண்ட 31 கிணறுகளில் 22-ஐத்தான் தோண்டினீர்கள், 18-இல்தான் உற்பத்தி செய்தீர்கள், அதனால்தான் சரிவு என்பது அரசின் வாதம். அழுத்தம் வேகமாக விழுந்தது நிறுவனத்தின் பக்கம் நிற்கும் சான்று; தோண்டிய பகுதிகள் சிறியவை என்பதை அது காட்டுகிறது. ஆனால் தோண்டாத பகுதிகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது என்பதால் அரசின் வாதத்தையும் முழுமையாகத் தள்ள முடியாது. இருந்தாலும், தோண்டிய கிணறுகளிலேயே நான்கு உற்பத்தியில் சேராமல் கிடந்தபோது, மீதி ஒன்பதைத் தோண்டினால் இன்னும் 7 டிரில்லியன் கன அடி வந்திருக்கும் என்று நம்புவது கடினம். பெரிய எண்ணை ஒப்புக்கொண்ட நிர்வாகக் குழுவில் அரசின் பிரதிநிதிகளும் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

என் பார்வையில் உண்மையான தவறு மதிப்பீட்டைவிட அதை நம்பிக் கட்டியதில் இருக்கிறது. 2004-இன் திட்டம் நாளுக்கு 40 மில்லியன் கன மீட்டர், செலவு 2.39 பில்லியன் டாலர். 2006-இன் திட்டம் 80 மில்லியன், செலவு இரண்டு கட்டங்களுக்கும் 8.8 பில்லியன். வயல் ஒரு நாள்கூட உற்பத்தி செய்யாத நிலையில் இந்த இரட்டிப்பு. 10 டிரில்லியன் கன அடி உண்மையாக இருந்தால் 80 மில்லியன் வீதம் ஏறக்குறையப் பத்தாண்டு ஓடியிருக்கும். 3 டிரில்லியன் மூன்றாண்டுகூட முழுதாக ஓடாது. பாதி அளவில் தொடங்கி அழுத்தத்தைக் கவனித்திருந்தால், பிழை காகிதத்திலேயே திருத்தப்பட்டிருக்கும். அப்படிச் செய்யாததால், இந்த வாயுவை நம்பிக் கட்டிய மின்நிலையங்கள் முடங்கின. நாடு முழுவதும் எரிவாயு இல்லாமல் நின்றவற்றின் திறன் ஒரு கட்டத்தில் 14,000 மெகாவாட்டைத் தாண்டியது.

அதே கிருஷ்ணா-கோதாவரிப் (கேஜி) படுகையில் இன்னொரு வழக்கும் உண்டு. 2005-இல் குஜராத் அரசின் ஜிஎஸ்பிசி நிறுவனத்தின் தீன்தயாள் தொகுதியில் 20 டிரில்லியன் கன அடி இருப்பதாக அறிவிப்பு வந்தது. பின்னர் தீன்தயாள் மேற்கு வயலுக்கு வகுத்த வளர்ச்சித் திட்டம் ஏறத்தாழ 2 டிரில்லியன் என்ற அளவிலேயே நின்றது. அங்கே வரப்புகள் அல்ல பிரச்சினை. ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிப்போன மணற்கல். வாயு இருந்தும் நகர மறுக்கும் பாறை. ஊடுருவுதிறன் கிணற்றுச் சோதனையில் ஓரளவு தெரியக்கூடிய பண்பு. ஆகவே டி6 வழக்கில் கொடுக்கும் சலுகையை இங்கே கொடுக்க மாட்டேன். சோதனை முடியும் முன்பே எண் மேடை ஏறியது. 2017-இல் அந்தத் தொகுதியின் 80 சதவீதப் பங்கை ஓஎன்ஜிசி வாங்கிக்கொண்டது.

முறையையே தூக்கி எறியலாமா? கூடாது. அதே கேஜி-டி6 தொகுதியில், அதே இரண்டு சாட்சிகளை வைத்து மதிப்பிட்ட ஆர்-கிளஸ்டர் 2020 டிசம்பரிலும், சாட்டிலைட் கிளஸ்டர் 2021-லும், எம்ஜே 2023-லும் உற்பத்திக்கு வந்தன. மூன்றும் சேர்ந்து நாளுக்கு 30 மில்லியன் கன மீட்டர் அளவை எட்டின. முதல் வயல்கள் கொடுத்த ஆண்டுக்கணக்கான அழுத்தத் தரவு அப்போது கையில் இருந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. எங்கே தோண்டுவது என்பதற்கு நில அதிர்வைப் போல வேறு துணை இல்லை. என்ன பாறை என்பதற்குக் கிணற்றை மிஞ்ச எதுவும் இல்லை. எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்விக்கு, உற்பத்தி தொடங்கும் முன் இரண்டும் சேர்ந்தும் ஓர் எண்ணைத் தரமுடியாது, ஒரு வரம்பைத்தான் தரமுடியும். அந்த வரம்பின் மேல்முனையை எடுத்து ஒற்றை எண்ணாக அறிவித்ததும், அதன்மேல் குழாயும் மேடையும் கட்டியதும் பாறையின் குற்றமல்ல.

மன்னார்ப் படுகையிலும் 2011-இல் டொராடோ, பராகுடா கிணறுகளில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய கிணறுகளே உள்ள அந்தப் படுகைக்கு 267 பில்லியன் டாலர் மதிப்பு என்ற பேச்சும் இலங்கையில் எழுந்தது. இனி அப்படி ஓர் எண் செய்தியில் வரும்போது வாசகர் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: எத்தனை கிணறுகள்? எத்தனை நாள் சோதனை? கீழ்முனை எண் என்ன? மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் செய்தியில் வந்த எண்ணை நம்ப வேண்டாம்.