‘அஜைல்’ அறிக்கை: உறழ்ச்சியா, மறுப்பா?

மென்பொருள் ஆக்கும் பணியை நடத்துதற்கு இன்று பல நாடுகளிலும் கைக்கொள்ளப்படும் முறை ‘அஜைல்’ என்பது. விரைந்தும் வளைந்தும் இயங்குவதைக் குறிக்கும் ஆங்கில அடைமொழி அது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்ட் என்னும் மலைவிடுதியில் கூடிய மென்பொருள் வல்லுநர் 17 பேர் வெளியிட்ட சிற்றறிக்கையே இம்முறைக்கு மூலமாகக் கொள்ளப்படுகிறது. அது பெற்ற புகழ் பெரிது. அதனினும் பெரிது, அது பெற்ற பிழையுரை.

தேவை யாவற்றையும் முதற்கண் எழுதி முடித்து, பின்னர் வடிவமைத்து, நிரல் எழுதி, இறுதியில் சோதிப்பது பழைய முறை. இதனை ‘அருவி முறை’ என்பர். 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையை இதற்குச் சான்றாகக் காட்டுவாருளர். ஆயின், அவ்வாறே செய்தல் இடர் மிக்கது, தோல்விக்கு இடந்தருவது என்று எச்சரித்துத் திருத்தங்களும் கூறியவர் ராய்ஸ். படத்தைக் கண்டோர் பலர். உரையைக் கற்றோர் சிலர்.

அதே தீயூழ் 2001ஆம் ஆண்டு அறிக்கைக்கும் நேர்ந்தது. நெறிமுறை, ஆவணம், ஒப்பந்தம், திட்டம் ஆகிய நான்கினும், முறையே மனிதர்தம் உறவாடல், இயங்கும் மென்பொருள், வாடிக்கையாளருடன் ஒத்துழைப்பு, மாற்றத்திற்கு ஈடுகொடுத்தல் ஆகியவை சிறந்தன என்பதே அதன் சாரம். இது உறழ்ச்சியே அன்றி மறுப்பன்று. பாலினும் தேன் இனிது என்றால், பால் கசக்கும் என்பது பொருளாகுமா? முன்னர்க் கூறிய நான்கிற்கும் மதிப்புண்டு என அறிக்கையே இறுதியில் தெளிவுறுத்துகிறது. இதனை மறந்தோர், ‘ஆவணம் வேண்டா, திட்டம் வேண்டா’ என உரை கண்டனர். எழுதியவர் விலகிச் சென்றபின், அவர் ஆக்கிய நிரலின் போக்கறியாது பின்வந்தோர் இடர்ப்படுவதே இவ்வுரையின் பயன்.

குறை உரைகாரரிடம் மட்டுமன்று; மூலத்திலும் உண்டு. வாடிக்கையாளரின் ஒத்துழைப்பைப் போற்றும் அறிக்கையில் ஒப்பமிட்டோர் யாவரும் மென்பொருள் துறையினரே. பயன்கொள்வோர் குரல் அதில் நேரே ஒலிக்கவில்லை. ஒன்று மற்றொன்றினும் எவ்வளவு சிறந்தது என்னும் அளவையும் அது கூறவில்லை.

ஆயினும் அறிக்கையோடு இணைந்த 12 கோட்பாடுகளில் அதன் உயிர்நிலை விளங்குகிறது. சில வாரம் முதல் சில மாதத்திற்குள் இயங்கும் பகுதியொன்றைக் கையளித்தல், பணிமுறையை இடையிடையே தாமே ஆராய்ந்து திருத்திக்கொள்ளல் ஆகியவை அவற்றுட் சில. பிழை சிறிதாயிருக்கும்போதே வெளிப்படுதல் இவற்றால் விளையும் நன்மை.

ஒப்பமிட்டோருள் ஒருவராகிய டேவ் தாமஸ், அடைமொழியாய் நின்ற சொல் பெயர்ச்சொல்லாக்கப்பட்டதை 2014இல் கண்டித்து எழுதினார். இது வெறும் இலக்கணக் குற்றமன்று. அடைமொழி செயலின் பண்பைக் காட்டும். பெயர்ச்சொல்லோ விலைகூறி விற்கும் பொருளாகிவிடும். அறிக்கையை விலைக்கு வாங்குவோர் அதனை ஒருமுறை படித்தும் பார்ப்பாராக.