அம்மையும் அம்பிகையும்: அயோத்திதாசர் காட்டும் நோய்தீர்க்கும் அன்னை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலார் தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகளில் தமிழ்ப் பௌத்தம் வேரூன்றியது. அயோத்திதாசரின் (1845-1914) எழுத்துகளை நூல்களாக வெளியிட்டுப் பரப்பியதில் அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலைக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வெழுத்துகளுள் அம்பிகையம்மனைப் பற்றியவை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருதத்தக்கவை.

தமிழில் 'அம்மை' என்னும் சொல் தாயையும் தெய்வத்தையும் வைசூரியையும் குறிக்கும். 'அம்மை போட்டிருக்கிறது', 'அம்மை இறங்கிவிட்டது' என்னும் வழக்குகளில் நோய் விரட்டத்தக்க பகை அன்று. வந்து தங்கித் திரும்பும் அன்னையின் வருகை. ஆதலின் 'குணமாயிற்று' என்பதினும் 'இறங்கிற்று' என்பதே அங்குப் பொருந்தும் வினை. நோயாளியின் அருகே வைக்கும் வேப்பிலையும் அவளுக்குரியதாகவே கருதப்படுகிறது.

சித்த மருத்துவரான அயோத்திதாசர் இவ்வுறவை மாற்றியமைக்கிறார். அவர் காட்டும் அம்பிகை நோயைத் தருபவள் அல்லள். நோயுற்றோரின் துயர் தணித்த பௌத்தத் துறவி. அவ்வாறு கொள்ளின், வேப்பிலை மருந்தாகிறது, வழிபாடு நன்றியறிதலாகிறது. இலக்கண நோக்கில் கூறின், நோய்க்கு எழுவாயாக நின்ற அன்னை நோய்தீர்த்தலுக்கு எழுவாயாகிறாள். ஒடுக்கப்பட்ட மக்களின் வழிபாடு அறியாமை என்று இகழப்பட்ட காலத்தில், அதனுள் அவர்தம் முன்னோரின் மருத்துவ அறிவு புதைந்துள்ளது என்னும் வாதம் வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இழந்த மதிப்பை மீட்கும் முயற்சியுமாம்.

எனினும், சொல்லை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் இடர்ப்பாடு உண்டு. கன்னடத்தில் 'அம்ம' என்றும் தெலுங்கில் 'அம்மவாரு' என்றும் இந்நோய் சுட்டப்படுகிறது. மும்மொழிகளிலும் காணப்படும் இப்பொருள் விரிவை ஒரு துறவியின் வரலாற்றால் மட்டும் விளக்குதல் அரிது. வைசூரியைத் தீர்க்கும் ஆற்றல் வேம்புக்கு இருந்ததாகவும் நிறுவப்படவில்லை. தடுப்பூசி இயக்கத்தாலேயே அந்நோய் ஒழிந்தது; உலக நலவாழ்வு நிறுவனம் 1980இல் அதனை அறிவித்தது. நோய் மறைந்த பின்னரும் அம்மன் வழிபாடு குன்றவில்லை. இதனால், அவ்வழிபாட்டை மருத்துவப் பயன் ஒன்றாலேயே அளத்தல் இயலாது என்பது புலனாகும்.

அயோத்திதாசரின் விளக்கத்தில் மறையும் பொருள் ஒன்றும் உண்டு. மக்கள் வழக்கில் நோயாளி அன்னை தங்கும் இடம். வீடு அவரைத் தூய்மையும் அமைதியும் காத்துப் பேணும். அன்னை மருத்துவரானபின் அவர் சிகிச்சை பெறுபவர் மட்டுமே.

எனவே, 'அம்மை'யை ஆங்கிலத்தில் நோய்ப்பெயராக மட்டும் பெயர்த்தால் தெய்வம் மறையும். தெய்வப்பெயராக மட்டும் பெயர்த்தால் உடல் மறையும். அயோத்திதாசரைப் பெயர்ப்பவரோ மருத்துவத் துறவி என்னும் மூன்றாம் பொருளையும் காத்தல் வேண்டும். மூலச்சொல்லை ஒலிபெயர்த்து நிறுத்தி, உடன்வரும் வினைகளால் பொருளை வேறுபடுத்துதலே ஏற்ற நெறியாகும். கன்னடத்திலும் தெலுங்கிலும் பெயர்ப்போர்க்கு இவ்விடர் குறைவு. அம்மொழிகளிலும் நோயின் பெயர் தாயின் பெயரே.