பக்கவாத்தியம் முன்வரிசைக்கு வந்தபோது

1979-இல் ஃபிராங்க் ஸாப்பா தன் பெயரிலேயே நடத்திய கம்பெனியிலிருந்து ஒரு கர்னாடக வயலின்காரரின் ராக் ஆல்பம் வந்தது. பெயர் 'டச் மி தேர்'. வாசித்தவர் எல். சங்கர், மெட்ராஸில் பிறந்து, சின்ன வயதை யாழ்ப்பாணத்தில் கழித்தவர். 'சக்தி' குழுவைக் கொண்டாடுகிற நம் ஆட்களிலேயே பலருக்கு இது தெரியாது.

சக்தியில் நடந்தது வேறு. அங்கே ஜான் மெக்லாஃப்லின் தன் கிடாரில் கட்டைகளுக்கு நடுவே குழி எடுத்து, கம்பி கமகத்துக்கு வளைந்துகொடுக்கும்படி செய்துகொண்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்த விருந்தாளி. இந்த ஆல்பத்தில் சங்கர்தான் விருந்தாளி. எலெக்ட்ரிக் கிடார், பேஸ், சைமன் ஃபிலிப்ஸின் டிரம்ஸ் எல்லாம் வீட்டுக்காரர்கள். தயாரிப்பு ஸாப்பா.

கச்சேரியில் வயலினின் வேலை நமக்குத் தெரியும். பாடுகிறவர் பின்னாலேயே நிழலாகப் போக வேண்டும், விட்ட இடத்தில் மட்டும் பேச வேண்டும். அட்டையில் தன் பெயர் போட்ட ஆல்பத்திலும் அதே வேலைதானா? முதல் பாட்டு 'டெட் கேர்ள்ஸ் ஆஃப் லண்டன்' ஆமாம் என்கிறது. வான் மாரிசன் பாடிப் பதிவாகியும் கம்பெனி அனுமதி கிடைக்காமல், ஸாப்பாவும் ஐக் வில்லிஸும் மறுபடி பாடினார்கள். யார் பாடினால் என்ன, லண்டன் பெண்களைக் கிண்டலடிக்கும் ஜோக் ஸாப்பா பாணி. அதுவும் அவ்வளவு நல்ல ஜோக் இல்லை. சங்கர் வரிகளுக்கு இடையே எட்டிப்பார்க்கிறார். பக்கவாத்தியம்தான்.

அடுத்து வரும் 'விண்டி மார்னிங்'கில் பாட்டு இல்லை. கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலையேறும் பஸ்ஸில், சிக்னல் போன பிறகு, டவுன்லோட் செய்துவைத்திருந்த இந்த ஒன்றையே மூன்று தடவை கேட்டேன். கிடார் கட்டைக்குக் கட்டை தாவுகிறது. வில்லோ ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குப் போவதற்குள் நடுவில் இருப்பதையெல்லாம் தடவிக்கொண்டு போகிறது. டிஜிட்டல், அனலாக் என்று சொன்னால் ஆபீஸில் சிரிப்பார்கள், அதுதான் விஷயம். டிரம்ஸ் கறாராக எண்ணுகிறது, வயலின் அந்த எண்ணிக்கைக்குக் கொஞ்சம் லேட்டாக வந்து உட்காருகிறது. இரண்டும் சமாதானம் ஆவதில்லை. எனக்கு அந்த உரசல்தான் வேண்டும்.

1980-இல் பதிவான 'ஹூஸ் டு நோ'வில் உமையாள்புரம் சிவராமனும் ஜாகிர் ஹுசேனும் உடன் வாசிக்க, சங்கர் இரட்டை வயலினில் ராகம் தானம் பல்லவி வாசித்தார். தேர்ந்த ரசிகர்கள் கைகாட்டுவது அதைத்தான். குறை சொல்ல முடியாத இசை. ஆனால் அங்கே வயலினுக்கு எதிராளி கிடையாது, எல்லாரும் சொந்தக்காரர்கள்.

கேட்கப் போகிறவர்கள் இரண்டாவது டிராக்கில் ஆரம்பியுங்கள். முதல் பாட்டை அப்புறம் கேட்கலாம், கேட்காமலும் விடலாம்.