காந்தாரம் விலகும்போது

கம்பம் பள்ளத்தாக்கில் ஞாயிறு திருப்பலிக்குச் செல்வோர் ஒரு சிறு ஒலிக்குப் பழகியிருப்பர். பாடலின் அடி முடியுமிடத்தில், கிட்டார் வாசிக்கும் இளைஞர் முதல் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் சுண்டுவிரலை வைத்து, உடனே எடுத்துவிடுவார். டி மேஜர் கார்டு நொடிப்பொழுது கலங்கித் தெளியும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாப் பாடல்களிலும், எல்லா அடிகளிலும் அது வரும்போது, கற்ற வித்தையைக் காட்டும் ஆசையே மிஞ்சுகிறது.

'சஸ்பெண்டட்' கார்டு என்பது இதன் பெயர். அலுவலகச் செய்திகளில் இச்சொல்லைக் கேட்டுப் பழகிய நாம், காந்தாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டதாகவே பொருள் கொள்வோம். வரலாறு வேறு. பதினாறாம் நூற்றாண்டில் உரோமையில் பாலஸ்திரீனா போன்றோர் அமைத்த திருவழிபாட்டு இசையில், முந்திய கூட்டிலிருந்த ஒரு சுரம் விலக மனமின்றி அடுத்த கூட்டின் மேலும் நீளும், சற்று உரசும், பின் ஒருபடி இறங்கி அமையும். தொங்கி நின்றது அந்தச் சுரமே. இன்றைய கிட்டாரில் அது சுருங்கி, காந்தாரத்துக்குப் பதில் மத்யமம் வந்தால் 'சஸ் ஃபோர்', ரிஷபம் வந்தால் 'சஸ் டூ' என்று நிற்கிறது. டி கார்டில் முதல் தந்தியிலுள்ள விரலை எடுத்துவிட்டாலே போதும், ச–ரி–ப கிடைத்துவிடும். ஒரே நாளில் பழகலாம். எங்கே வாசிப்பது என்பதற்குத்தான் ஆண்டுகள் ஆகும்.

மேற்கத்தியச் செவிக்கு இது முடிவை எதிர்பார்க்கும் ஒலி. நம் செவிக்கும் அப்படித்தானா? மத்யமாவதியை எடுத்துக்கொள்வோம். ச, ரி, ம, ப, நி, காந்தாரமே இல்லை. ச–ரி–ப, ச–ம–ப ஆகிய இரு கூட்டுகளும் இந்த இராகத்துக்குள்ளேயே இருக்கின்றன. நிஷாதத்தை அடியாக வைத்தால் நி–ரி–ம என முழு மேஜர் கார்டு ஒன்றும் கிடைக்கும். ஆனால் ஷட்ஜத்தின் மீது நிற்பதற்குச் சஸ்பெண்டட் கார்டைத் தவிர வேறில்லை. கச்சேரிகளை மங்களமாக முடிக்கும் இராகமும் இதுவே. ஒருவர் 'இன்னும் முடியவில்லை' என்று கேட்கும் இடத்தில் நாம் முடித்து எழுந்திருக்கிறோம்!

நம் ஆலயங்களில் நிகழும் பிழை இங்கேதான். மத்யமாவதிச் சாயலில் அமைந்த பழைய பாடலொன்றை ஒரு பங்கில் தொடர்ந்து கேட்டுவருகிறேன். பாட்டுப் புத்தகத்தில் யாரோ பென்சிலால் 'டி, ஜி, ஏ' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கிட்டார் மெட்டில் இல்லாத காந்தாரத்தை அடிதோறும் ஒலிக்கிறது. முன்வரிசையில் அமரும் மூதாட்டியர் ரிஷபத்திலிருந்து நேரே மத்யமத்துக்கு ஏறுகின்றனர். பாடகற்குழுவின் சிறுமியரோ நடுவே காந்தாரத்தைத் தொட்டுச் செல்கின்றனர். யாரும் கற்றுத் தரவில்லை. கருவி கற்றுத் தந்துவிட்டது. மூதாட்டியரின் மெட்டு அவர்களோடு போய்விடும்.

மண்ணின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு கூறியதை, கிட்டாரை வெளியேற்ற வேண்டும் என்று படிப்போர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கோம்பைக்கு அருகே பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். பின் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். இராகம் எதைக் கேட்கிறது என்பதை முதலில் கேட்டுவிட்டுக் கார்டைத் தேடும் செவி இப்பள்ளத்தாக்கில் விளையாத பயிரன்று.

அதற்காகச் சஸ்பெண்டட் கார்டையே எங்கும் போர்த்துவதும் ஆகாது. மோகனத்தில் காந்தாரமே உயிர்; மத்யமம் கிடையாது. அங்கே சஸ் ஃபோர் வாசிப்பவர் இருப்பதை எடுத்துவிட்டு இல்லாததைப் புகுத்துகிறார். தம்புராவைப் பாருங்கள்: பஞ்சமமும் ஷட்ஜமுமே மீட்டப்படுகின்றன, நன்கு சுருதி சேர்ந்தால் அந்தர காந்தாரம் யாரும் தொடாமலே மெல்ல எழும். அதை விரலால் அழுத்திச் சத்தமாக்குவது வேறு.

பாட்டுப் புத்தகங்களைத் தொகுப்போர் கார்டுகளின் பெயரோடு, பாடலில் வரும் சுரங்களையும் ஓரத்தில் அச்சிட்டால் என்ன? ஐந்து எழுத்துகளுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? முன்வரிசைக்காரர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவிடலாம்.