வாசல் தேடிவரும் மாத்திரை

உயர் இரத்த அழுத்தம் வலிப்பதில்லை; வலிக்காத வியாதிக்காக ஒரு நாள் கூலியை இழந்து, ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையில் கால் கடுக்க நிற்க யாருக்கு மனம் வரும்? 2020-இல் தமிழகத்தில் எடுக்கப்பட்ட ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இவ்வியாதி இருந்தும், அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினரே என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தச் சோர்வை உணர்ந்து, வைத்தியமே வாசலுக்குச் செல்லட்டும் என்ற சங்கற்பத்தோடு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்ததே ‘மக்களைத் தேடி மருத்துவம்’.

இதன் சிறப்பு மாத்திரையில் இல்லை. அதைக் கொண்டுவரும் பெண்ணிடம் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் கிருஷ்ணகிரியின் இந்த எல்லைப் பிரதேசத்தில், அந்தந்த வட்டாரத்திலேயே வசிக்கும் தன்னார்வலர் திண்ணையில் அமர்ந்து அழுத்தம் பார்த்து, “போன மாசத்து மாத்திரை ஏன் மீந்திருக்கு?” என்று உரிமையோடு கேட்பதற்கு உள்ள சக்தி, எந்த வைத்தியரின் சீட்டுக்கும் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால், வீட்டைத் தேடி வரும் வைத்தியத்துக்கு வீட்டில் ஆள் இருக்கவேண்டுமே! ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி ஒற்றை அறைகளில் குடியிருக்கும் தொழிலாளி, தன்னார்வலர் வரும் பகல் வேளையில் இயந்திரத்தின் முன் நிற்பான், அல்லது இரவு ஷிப்டு முடித்து உறங்கிக்கொண்டிருப்பான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவனோ அவளுடைய மூன்று பாஷைகளுக்கும் அப்பாற்பட்டவன். 2024-இல் அரசே இத்திட்டத்தைத் தொழிற்கூடங்களுக்கும் விஸ்தரித்தது, இக்குறையை ஒப்புக்கொண்டதற்குச் சமானம். எனினும் ஆலைக்குள் அழுத்தம் அளந்துவிட்டால் மட்டும் போதுமா? வாரந்தோறும் மாறும் ஷிப்டினால் கெடும் நித்திரையையும், நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை ஊறுகாயோடும் அப்பளத்தோடும் கடந்துவிடும் சாப்பாட்டையும் எந்த மாத்திரையும் திருத்தாது.

இதைவிடப் பெரிய குறை கணக்கிடும் முறையில் இருக்கிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதையும் பெற்ற இத்திட்டத்தைப் பற்றி மேடைகளில் முழங்குவதெல்லாம் பயனாளிகளின் தொகையே. மாத்திரை வாங்கியவர் அதை விழுங்கியவர் ஆகார்; அழுத்தம் சற்று இறங்கியதும் குணமாகிவிட்டதென்று நிறுத்திவிடுவோர் ஏராளம். ஆகவே, எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தீர்கள் என்பதை விட்டு, எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே இறங்கியது, அவர்களில் ஷிப்டுத் தொழிலாளர் எத்தனை பேர் என்று வாசகர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரைக் கேட்கவேண்டும்.