மணலில் தேடும் கை

தை பிறந்தால், பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். கடலூர் தேவனாம்பட்டினத்திலும் சிதம்பரம் பக்கத்துச் சாமியார்பேட்டையிலும் இரவெல்லாம் கூடு தேடி நடப்பவர்களின் கைப்பக்குவம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். சுவடு திரும்பும் இடத்தில் உட்கார்ந்து மணலை அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். இளகிய இடத்தில் விரல் தானே இறங்கும். பிறகு அவசரமே கிடையாது. ஈர மணலைக் கையாலேயே அள்ளி, நூறையும் தாண்டும் முட்டைகளை ஒவ்வொன்றாக, இருந்த வாக்கிலேயே, புரளாமல் எடுத்துப் பொரிப்பகக் குழிக்கு மாற்றுவார்கள். மெத்தென்ற ஓடு, விரல் பட்டாலே லேசாகக் குழியும்.

அதே கரையில் ஆமையைப் படம்பிடிப்பவரின் பொறுமை வேறு வகை. மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், ஆமைக்குப் பின்னால் மணலோடு மணலாகப் படுத்திருப்பார். துடுப்பு மண் வாரும் சரசரப்பும் அதன் நீண்ட பெருமூச்சும் ஒலிப்பதிவில் விழட்டும் என்று தன் மூச்சை அடக்கிக்கொள்வார். முட்டையிட்டபின் அது உடம்பை இடம் வலமாக ஆட்டித் தொப்புத் தொப்பென்று குழியை இறுக்கும். அந்த அதிர்வு அவர் நெஞ்சுவரை எட்டும்.